வெளியிடத்து இராத்தங்கலும் பழைய முறைச் சமையலும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



கடன் வசூல், விதை விநியோகம், உரக் கொள்முதல், பால் அளவை ஆகிய விஷயங்களைப் பற்றியே பேச்சுக் கேட்டுப் பழகிய இச்சபையில், வெட்டவெளியில் ஓர் இரவு தங்கிச் சமைத்து உண்ணும் விஷயத்தை நான் எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், நம்மில் அநேகமாக எல்லாக் குடும்பங்களும் வருஷத்தில் ஓரிரவேனும் வீட்டை விட்டு வெளியே தங்குகிறோம். தென் ஜில்லாக்களில் மாசி மாதத்து மகா சிவராத்திரியன்று குலதெய்வத்தின் கோயிலுக்குப் போகாத குடும்பம் அரிது. அக்கோயில்களிற் பல, கண்மாய்க் கரையிலும், காட்டோரத்திலும், கரிசல் நடுவிலும் தனித்து நிற்பவை. அங்கே சத்திரமும் இல்லை, கடையும் இல்லை. சித்திரைத் திருவிழாவையொட்டி மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அழகர்கோயிலுக்குப் போகிற கிராமத்தார் இன்றும் இருக்கின்றனர். தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடந்து செல்பவர்கள் பல இரவுகளை வழியிலேயே கழிக்கின்றனர். ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு மாடும் குதிரையும் கொண்டு போகிறவர்கள் அவற்றின் பக்கத்திலேயே படுத்துறங்குகின்றனர். ஆதலின் இது விநோதமான விஷயமன்று. நம் வாழ்க்கையோடு ஒட்டிய விஷயமே.

இவ்வாறு தங்குவதற்குரிய சாமான்களும் பழக்கங்களும் நம் பாட்டனார் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன. இப்பொழுது சாமான்கள் பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. பழக்கங்கள் முதியவர்களோடு மறைந்து வருகின்றன. அவற்றின் இடத்தில் எரிவாயு உருளையையும், பிளாஸ்டிக் பைகளையும், கடைச் சோற்றையும் கொண்டு போகிறோம். இதனால் விளையும் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், ஆபத்தைச் சிந்தியுங்கள். 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 26-ஆம் தேதி அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்துக்கு அருகில் நிறுத்தப்பட்டிருந்த யாத்திரிகர் பெட்டி ஒன்றில், விதிக்கு விரோதமாகக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையினால் தீப்பிடித்து 9 பேர் மாண்டனர். அவர்கள் நம்மைப் போலவே கோயில்களைத் தரிசிக்கப் புறப்பட்டவர்கள். அதற்கு முன் 2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி, தேனி ஜில்லாக் குரங்கணி மலையில் காட்டுத் தீயிற் சிக்கி மலையேறச் சென்றவர்களில் 20-க்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தனர். தீயையும் காற்றையும் இடத்தையும் அறிந்து நடப்பது உயிரைக் காக்கும் வித்தை என்பதற்கு இவற்றிலும் மேலான சாட்சி வேண்டுவதில்லை.

முன்னோர் வழக்கம்

நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணர் என்னும் வணிகர், குடும்பத்தோடு வழியில் தங்கிச் சமைத்துண்டதைச் சங்க நூல்கள் கூறுகின்றன. அவர்கள் எழுந்து சென்ற பின் கிடந்த கல்லடுப்பில் வேறு வழிச் செல்வோர் சமைத்த செய்தி அகநானூற்றில் இருக்கிறது. மூன்று கற்களை வைத்து மூட்டும் அடுப்பு அத்தனை பழமையானது.

அம்முறையில் இன்றும் வாழ்கிறவர்கள் உளர். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு, அறுவடையான வயல்களில் கிடை போட்டு, மாதக் கணக்கில் வெளியிலேயே வாழ்கின்றனர். கிடை போட்ட வயலுக்கு எரு கிடைக்கிறது. கீதாரிக்குக் கூலி கிடைக்கிறது. அவர்களுடைய உடைமைகளைப் பாருங்கள்: இரண்டு மூன்று பாத்திரம், ஒரு பாய், ஒரு கம்பளி, ஒரு விளக்கு, ஒரு கோல், குட்டிகளை அடைக்கும் கூடு. இவற்றுக்கு மேல் இருப்பது சொற்பம். வெளியிடத்தில் தங்குவோர் அவர்களிடமிருந்து கற்க வேண்டிய முதற் பாடம், சுமையைக் குறைப்பதே. வேண்டாத பொருளை வீட்டிலும், வேண்டிய பொருளை மூட்டையின் மேற்புறத்திலும் வைத்தல் வேண்டும்.

இடந் தேர்தல்

பொழுது சாய்வதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும். இருட்டிய பின் இடந் தேடுவோருக்கு முள்ளும் புற்றும் தெரியா. இடத்தைத் தேரும்போது கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. ஆற்று மணல் மிருதுவாயிருக்கிறது என்று அதில் படுக்கையை விரித்தல் ஆகாது. மேற்கே மலையிற் பெய்த மழை, இங்கே வானம் தெளிந்திருக்கையிலேயே வெள்ளமாய் வந்துவிடும். கரையேறி மேட்டில் தங்குக.

2. பட்ட கிளையுள்ள மரத்தின் கீழும், தேன்கூடு தொங்கும் மரத்தின் கீழும் தங்கலாகாது. அடுப்புப் புகை ஏறினால் மலைத்தேனீக்கள் கலைந்து கொட்டும். புளிய மரத்தின் கீழ் இரவில் படுத்தால் பேய் அடிக்கும் என்பார்கள். மரங்கள் இரவில் விடும் கரியமில வாயு மிகச் சொற்பமாதலால் அதனால் தீங்கில்லை. முறியும் கிளைக்கு அஞ்சுவதே அறிவு.

3. புற்று, கற்குவியல், வைக்கோற் போர், அடர்ந்த புதர் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். எலி உள்ள இடத்திற்குப் பாம்பு வரும்.

4. அடுப்பு, படுக்கைக்குக் காற்றுக் கீழ்ப்புறத்தில் இருத்தல் வேண்டும். மாடுகளைக் கட்டும் இடம் அதற்கும் அப்பால் இருக்கட்டும். மல ஜல பாதைக்குரிய இடம், நீர்நிலைக்கு எதிர்த்திசையில் நெடுந்தூரம் தள்ளி, குழி தோண்டி மண்ணிட்டு மூடத் தக்கதாய் இருக்கவேண்டும்.

5. காப்புக் காட்டினுள் வன இலாகாவின் அனுமதியின்றிப் பிரவேசிப்பதும் தீ மூட்டுவதும் குற்றம். இது வெறும் சட்டத்துக்காகச் சொல்லப்பட்டதன்று. குரங்கணியை நினைவில் வையுங்கள்.

வண்டியில் போவோருக்கு ஒரு வார்த்தை. மாடுகளை நுகத்தடியிலிருந்து அவிழ்த்து, சற்றே இளைப்பாறவிட்டுப் பின்னரே தண்ணீர் காட்டவேண்டும். முன்னாளில் வண்டியின் அச்சுக்குக் கீழே ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டால் போதுமானதாயிருந்தது. இக்காலத்துச் சாலையில் மோட்டார்கள் வேகமாக வருகின்றமையால், வண்டியின் பின்புறத்திலும், மாட்டின் கொம்பிலும் ஒளி திருப்பும் பட்டைகளை அவசியம் ஒட்டவேண்டும். இயன்றவரை இரவுப் பிரயாணத்தைத் தவிர்க்க வேண்டும்.

ஜலம்

உணவில் நேரும் குறையை ஒரு வேளைப் பட்டினியால் தீர்க்கலாம். ஜலத்தில் நேரும் குறை ஊரையே படுக்கையில் தள்ளும். திருவிழாக்கள் முடிந்தபின் வாந்திபேதி பரவிய காலத்தை முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆள் ஒன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் ஒரு நாளைக்குச் சுமார் 5 லிட்டர் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். வெயில் காலத்தில் இன்னும் கூட்டிக்கொள்க.

நம் முன்னோர் பிரயாணத்தில் ஜலத்தைச் சுரைக்குடுக்கையிலும், திருகு மூடியுள்ள கூஜாவிலும், மண்பானையிலும் கொண்டு சென்றனர். மண்பானையின் நுண்துளைகளின் வழியே நீர் கசிந்து ஆவியாவதனால் உள்ளேயுள்ள நீர் குளிர்கிறது. இக்காரணம் பற்றியே காற்றுப் படும் இடத்தில் பானையை வைப்பது வழக்கம். வற்றிய ஆற்றில் ஊற்றுத் தோண்டி, முதலில் சுரக்கும் கலங்கல் நீரை இறைத்து விட்டுப் பின்னர் ஊறுவதை எடுப்பதும் நல்ல வழக்கமே. மணல் நீரை வடிகட்டித் தருகிறது. கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்ப்பார்கள். கலங்கல் அடியிற் படிந்துவிடும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. தெளிந்த நீர் எல்லாம் சுத்தமான நீரன்று. தேற்றாங்கொட்டை மண்ணைப் படியச் செய்யுமேயன்றி நோய்க் கிருமிகளை முற்றும் ஒழிக்காது. செம்பில் இரவெல்லாம் வைத்த நீரில் கிருமிகள் குறைகின்றன என்று தற்கால ஆராய்ச்சிகள் கூறுவது வாஸ்தவமே. ஆயினும் அவசரத்துக்கு அதை நம்பியிருத்தல் கூடாது. தெளிந்த நீரைக் கொதி வந்து ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டுக் குடிப்பதே நிச்சயமான வழி. இரவுச் சமையல் முடிந்தவுடன், தணலின் மேல் மறுநாளைக்குரிய நீரை வைத்துவிட்டால் விறகும் மிச்சம், விடியற்காலையில் நீரும் தயார்.

அடுப்பும் விறகும்

சிறு கூட்டத்துக்கு மூன்று கல் அடுப்பே போதும். கற்கள் ஒரே உயரமாக இருத்தல் வேண்டும். ஆற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் அப்போதுதான் எடுத்த ஈரக் கற்களை அடுப்புக்கு வைக்கலாகாது. உள்ளே ஊறிய நீர் சூட்டினால் ஆவியாகிக் கல்லை வெடிக்கச் செய்யும். அடுப்பின் வாய் காற்று வரும் திசையை நோக்கியிருக்க வேண்டும். காற்று பலமாயிருந்தால் சற்றே பக்கவாட்டில் திருப்பி, ஒரு புறம் மண்ணணை கட்டிக்கொள்க.

இருபது முப்பது பேருக்குச் சமைப்பதாயின், கல்யாண வீடுகளில் போடுவதுபோல நிலத்தில் நீளப் பள்ளம் எடுத்துக் கோட்டையடுப்புப் போடுதல் உத்தமம். பள்ளத்தின் ஆழம் முக்கால் முழம். அகலம், வைக்கப்போகிற பாத்திரத்தின் அடியைவிடச் சற்றுக் குறைவு. நீளம், பாத்திரங்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடி. தீ நிலத்துக்குள் எரிவதால் காற்று அதைக் கலைப்பதில்லை, பொறியும் பறப்பதில்லை. விறகும் குறைவாகச் செலவாகிறது. சமையல் முடிந்தபின் தோண்டிய மண்ணையே தள்ளி மூடிவிடலாம். எந்த அடுப்பானாலும் அதைச் சுற்றி நாலு முழத்துக்குக் குறையாமல் புல்லையும் சருகையும் செதுக்கி வெறுந்தரையாக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு குடம் நீரும் ஒரு கூடை மணலும் வைத்த பின்னரே தீக்குச்சியைக் கிழிக்க வேண்டும்.

விறகைப் பற்றிச் சில வார்த்தைகள். தீ மூட்டப் பன்னாடை, காய்ந்த தென்னம்பாளை, வறட்டி ஆகியவை ஏற்றவை. நின்று எரிவதற்குக் கருவேல், புளி, சவுக்கு முதலியன நல்லவை. எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல் கடுஞ்சூடு தரும். முள்ளை மட்டும் கவனித்துக்கொள்க. விஷ மரங்களை அறிந்து விலக்க வேண்டும். அரளிக் குச்சியை அடுப்பிலிடுவதும் கூடாது. அதைக்கொண்டு குழம்பைக் கிளறுவதும், கிழங்கைக் குத்திச் சுடுவதும் உயிருக்கே அபாயம். எட்டி மரமும் அப்படியே. கடற்கரை உப்பங்கழிகளில் வளரும் தில்லை மரத்தின் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். பெயர் தெரியாத குச்சியைப் பிள்ளைகள் பொறுக்கி வந்தால், ஊர்ப் பெரியவர் ஒருவர் பார்த்து ஒப்பிய பின்னரே அடுப்பிலிடுக. வர்ணம் பூசிய பலகையையும் பிளாஸ்டிக்கையும் ஒருபோதும் எரிக்கலாகாது. பச்சை மரத்தை வெட்டுவது பாவமென்பதோடு, அது புகையுமேயன்றி எரியாது.

பாத்திரங்கள்

மண்பானையை மிஞ்சிய சிக்கனம் இல்லை. புதுப் பானையை ஓர் இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, பிறகு வடித்த கஞ்சியை அதில் ஊற்றிச் சிறு தீயில் காய்ச்சிப் பழக்க வேண்டும். பழக்காத பானையைக் கொண்டு போய், அங்கே பெருந்தீயில் ஏற்றினால் விரிசல் கண்டு சோறு அடுப்பில் சிந்தும். சூடான பானையை ஈரத் தரையில் இறக்காமல் வைக்கோற் புரிமணையின்மேல் இறக்குக. பிரயாணத்தில் பானைகளை உறியில் வைத்துத் தொங்கவிடுவது பழைய வழக்கம். அதிர்ச்சியும் படாது, எறும்பும் ஏறாது.

வெண்கலம், செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். வெண்கலப் பானையில் பொங்கிய சோறு நெடுநேரம் சூடு தாங்கும். பித்தளையிலும் செம்பிலும் புளிப்புள்ள பண்டங்களைச் சமைப்பதாயின் உட்புறம் ஈயம் பூசியிருக்க வேண்டும். இல்லையேல் பச்சைக் களிம்பு ஏறி வாந்தியும் வயிற்றுநோவும் உண்டாக்கும். பாத்திரத்தை நன்கு துலக்கித் தணலிற் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியினால் சுழற்றித் தேய்ப்பதே அந்த வேலை. இதைச் செய்யும் கைவினைஞர் வரவரக் குறைந்து வருகின்றனர். அவர்கள் ஊருக்கு வரும்போது வேலை கொடுத்து ஆதரிப்பது நம் கடமை.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகும். விறகுத் தீயின் சூடோ அதனினும் பன்மடங்கு. ஆகையால் உள்ளே நீர் இல்லாமல் அச்சொம்பை அடுப்பிலேற்றினால், எடுக்கும்போது கைப்பிடி மட்டுமே மிஞ்சும். அன்றியும், காரீயம் கலந்த போலிச் சொம்புகள் விற்பனையாகின்றன. காரீயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சாகும். நம்பத்தக்க கடையில் வாங்காத சொம்பைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெண்மக்கள் அறிந்த ஓர் உபாயத்தை ஆடவரும் அறிந்துகொள்வது நலம். விறகடுப்பிலேற்றுமுன் பாத்திரத்தின் வெளிப்புற அடியில் களிமண்ணையோ சாம்பலையோ குழைத்துப் பூசிவிட்டால், கரி அதன்மேற் படியும். கழுவும்போது மண்ணோடு மண்ணாய்ப் போய்விடும். துலக்குவதற்குச் சாம்பலும் தேங்காய் நாரும் போதும். ஜலம் அரிதான இடத்தில் இது பெரிய அனுகூலம்.

ஆகாரம்

முதல் வேளைக்குக் கட்டுச்சோறு. இரண்டாம் வேளைக்கு அங்கே சமையல். மூன்றாவதாக, தீ மூட்ட இயலாத சமயத்துக்கென்று உலர்ந்த பண்டம். இம்மூன்றையும் திட்டமிட்டால் பசியும் இல்லை, வீண் சுமையும் இல்லை.

கட்டுச்சோற்றில் புளியோதரைக்கு நிகரில்லை. புளியின் புளிப்பும், உப்பும், நல்லெண்ணெயும் சேர்ந்து அதைக் கெடாமல் காக்கின்றன. சோற்றை அகலப் பரப்பி ஆறவிட்டு, ஈரமில்லாத கரண்டியாற் கிளறி, வாட்டிய வாழையிலையில் கட்டவேண்டும். அதற்குத் தேங்காய்த் துவையலைச் சேர்த்துக் கட்டுவது பெருந்தவறு. சோறு நிற்கும், துவையல் ஊசிவிடும். எள்ளுப்பொடியோ பருப்புப்பொடியோ கொண்டு செல்க. தயிர்ச்சாதம் கட்டுவோர், சோற்றைப் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் விட்டுக் கட்டினால், உண்ணும் வேளைக்கு அளவாய்ப் புளித்திருக்கும்.

வெறுஞ்சோற்றைச் சூட்டோடு மூடி வைத்து, பத்து மணி நேரம் கழித்து உண்பது அபாயம். அரிசியில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் பெருகி, மறுபடி காய்ச்சினாலும் போகாத நஞ்சை உண்டாக்குகின்றன என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கின்றனர். மிஞ்சிய சோற்றை வெறுமனே வைக்காமல் உடனே ஆறவைத்து நீரூற்றிப் பழையசோறாக்கி, விடிந்ததும் உண்டுவிட வேண்டும். நாற்றம் மாறியிருந்தால் மாட்டுக் கழுநீரில் சேர்த்துவிட வேண்டும்.

அங்கே சமைப்பதற்கு ஒரு பானைச் சமையலே ஏற்றது. அரிசி, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், முருங்கைக்கீரை, புளி ஆகியவற்றை ஒன்றாய் வேகவைக்கும் திருநெல்வேலிக் கூட்டாஞ்சோற்றை எல்லோரும் அறிவீர்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து ஆக்கி விளையாடுவதற்கும் அதே பெயர். கூட்டுறவு இயக்கத்தின் தத்துவத்தை இதனினும் எளிதாக யார் உபதேசிக்க முடியும்? வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு வேளைக்குச் சுமார் 150 கிராம் அரிசி என்று வைத்தால், இருபது பேருக்கு 3 கிலோ. பருப்பு அதில் நாலில் ஒரு பங்கு. வெந்தபின் தீயை இழுத்துவிட்டு, மூடியின்மேல் கொஞ்சம் தணலை அள்ளி வைத்துக் கால்மணி நேரம் விட்டால், மேலும் கீழும் ஒரே பதமாய்ப் புழுங்கும்.

அடுப்படிச் சாம்பலையும் வீணாக்க வேண்டாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கையும், தோலோடு கூடிய வெங்காயத்தையும், கத்தரிக்காயையும் சூடான சாம்பலில் புதைத்தால் அரைமணியில் வெந்துவிடும், பாத்திரமே வேண்டியதில்லை. பனைநாட்டில் குருத்தோலைக்குள் மாவையும் கருப்பட்டியையும் வைத்து அவித்தெடுக்கும் ஓலைக் கொழுக்கட்டையும், மலைவாசிகள் பச்சை மூங்கிற் குழாயில் அரிசியும் நீரும் இட்டுத் தீயில் வேகவைக்கும் சோறும், சுற்றிலுமுள்ள பொருளையே பாத்திரமாக்கும் யுக்திகளாம்.

உலர்ந்த பண்டங்களில் அவல், பொரி, வறுத்த கடலை, கருப்பட்டி, தினைமாவு, பொருள்விளங்காய் உருண்டை ஆகியன சிறந்தவை. அவலை நனைத்துக் கருப்பட்டியோடு பிசைந்தால் தீயின்றியே ஒரு வேளை உணவாகும். மழை பெய்து அடுப்பு அணைந்த இரவில் குழந்தைகள் பசியோடு படுக்காமலிருக்க இஃதொன்றே வழி.

படுக்கையும் வெளிச்சமும்

ஈரம் கீழிருந்தே ஏறுகிறது. ஆகையால் மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். முதலில் உலர்ந்த வைக்கோல், அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் பவானி ஜமுக்காளம், இதுவே முறை. போர்வைக்கு ஆட்டு மயிரால் நெய்த கருங்கம்பளிக்கு இணையில்லை. நனைந்தாலும் வெப்பம் முற்றும் போகாது. காலையில் வைக்கோலை மாட்டுக்கே போட்டுவிடலாம்.

நம் நாட்டில் மிகுந்த உயிர்ச்சேதம் செய்யும் பாம்புகள் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நான்கு. இவற்றுள் கட்டுவிரியன் இரவில் இரைதேடி, தரையில் உறங்குவோரைக் கடிக்கும் இயல்புடையது. கடிவாய் வலிப்பதும் இல்லை, வீங்குவதும் இல்லை. சில மணி நேரத்தில் இமை சோர்ந்து மூச்சுத் தடைப்படும். ஆதலால் கயிற்றுக் கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்கு செருகிக்கொள்வதும் உயிர்க் காவல். கடித்தால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட அங்கத்தை அசைக்காமல், 108 வண்டியை அழைத்து, விஷமுறி மருந்துள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு விரைந்து கொண்டு செல்லவேண்டும். அம்மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சை, மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் இருளர் மக்கள் பாம்பைக் கொல்லாமல் எடுத்துத் தருகின்றனர். 1978-இல் அவர்கள் அமைத்ததும் ஒரு கூட்டுறவுச் சங்கமே. நம்மைப் போன்ற ஒரு சங்கம் எத்தனை உயிரைக் காக்கிறது பாருங்கள்.

வெளிச்சத்துக்கு அரிக்கேன் விளக்கு இன்றும் நம்பத்தக்கது. எனினும் கூடாரத்துக்குள்ளும், அடைத்த அறைக்குள்ளும் எரியும் விளக்கையோ கணப்புச் சட்டியையோ வைத்துக்கொண்டு உறங்கலாகாது. அரைகுறையாய் எரியும் கரியிலிருந்து மணமும் நிறமும் இல்லாத நச்சுவாயு எழும், உறங்குவோர் எழுந்திருப்பதில்லை. குளிர்ந்த மலையூர்களில் இவ்விதம் மாண்டவர் செய்தி அடிக்கடி வருகிறது. குளிருக்குக் கம்பளி, நடுராத்திரியில் எழுந்து நடப்போருக்குக் கைவிளக்கு. இவை போதும்.

புறப்படுமுன்

தணலின்மேல் நீரூற்றி, கோலாற் கிளறி, மறுபடியும் நீரூற்றி, கையை அருகில் வைத்துப் பார்த்துச் சூடில்லையென்று கண்ட பின்னரே மண்ணிட்டு மூடவேண்டும். சூட்டோடு மண்ணால் மட்டும் மூடிய தணல் மறுநாள் வரையிலும் உயிரோடிருக்கும். வெறுங்காலோடு விளையாட வரும் குழந்தை அதில் காலை வைக்கக்கூடும். இலையும் எச்சிலும் குழியில் புதைக்கப்படட்டும். வாழையிலை, தைத்த ஆலிலை, மந்தாரையிலை ஆகியவற்றில் உண்டால் புதைக்கும் வேலையும் எளிது. கொண்டு போன பிளாஸ்டிக்கைக் கொண்டே திரும்புக. நம் குலதெய்வத்தின் சந்நிதியில் நாம் விட்டு வருவது மூன்று கற்களாக மட்டுமே இருக்கட்டும்.

சங்கத்தின் கடமை

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். மேற்கூறிய சாமான்களை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வாங்கி வைப்பது வீண் செலவு. வருஷத்தில் முந்நூற்றறுபது நாள் அவை சும்மா கிடக்கும். வாடகைக் கடைக்குப் போனால் திருவிழாக் காலத்தில் விலை ஏறுகிறது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கக் கைமாற்று வாங்குகிற குடும்பமும் நம்மிடையே இருக்கிறது. ஆதலால் சங்கத்தின் பேரால் ஒரு பொதுச் சாமான் தொகுப்பு ஏற்படுத்துவோமாக. துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின் பொது நல நிதியிலிருந்தும், இல்லையேல் விருப்பமுள்ளவர்கள் போடும் தனிப் பங்குத் தொகையிலிருந்தும், மகாசபையின் தீர்மானத்தின் பேரில் இதைத் தொடங்கலாம். இருபது பேருக்குரிய ஒரு தொகுப்பில் இருக்கவேண்டியவை:

1. ஈயம் பூசிய தவலை 2. வெண்கலப் பானை 1. இரும்புச் சட்டி 1. கரண்டி, சிப்பல், அரிவாள்மணை.
2. மூடியுள்ள குடிநீர்ப் பாத்திரம் 3, சால் 1.
3. மண்வெட்டி, கடப்பாரை, வெட்டரிவாள் ஒவ்வொன்று. கயிறு 2 சுருள்.
4. கித்தான் விரிப்பு 2, ஜமுக்காளம் 4, பாய் 10, கொசுவலை 10.
5. அரிக்கேன் விளக்கு 2, கைவிளக்கு 2, முதலுதவிப் பெட்டி 1.

ஒரு பதிவுப் புத்தகம் வைத்து, கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணிக் கையொப்பம் பெறவேண்டும். பாத்திரத்தைத் துலக்கித் திருப்புவது எடுத்தவர் பொறுப்பு. சேதத்துக்கு ஈடும் அவரதே. சொற்பமான கட்டணம் வசூலித்து, ஈயம் பூசவும் பாய் மாற்றவும் அதையே செலவிடலாம். முதியவர்கள் இருவர் இளைஞர்களுக்கு அடுப்புப் போடவும், பானை பழக்கவும், விஷ மரத்தை அடையாளம் காணவும் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொள்ளட்டும். சாமான் இருந்தும் கை பழகாவிட்டால் பயனில்லை. நகரத்துக்குப் பிழைக்கப் போன நம் பிள்ளைகள் சிவராத்திரிக்கு ஊர் திரும்பும்போது, அவர்கள் கற்றுக்கொள்ள விரும்பும் முதல் வித்தை இதுவாகவே இருக்கும்.

1904-ஆம் வருஷம் சென்னை மாகாணத்தில் திரூர் என்னும் சிறு கிராமத்தில் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவாயிற்று. தனியே முடியாததைச் சேர்ந்து முடிக்கலாம் என்பதே அன்று முதல் இவ்வியக்கத்தின் மூலதனம். விதையையும் உரத்தையும் போலவே, பாட்டன் கைப்பழக்கமும் நாம் சேர்ந்து காக்கவேண்டிய சொத்து. இத்தீர்மானத்தை அடுத்த மகாசபையில் கொண்டுவந்து நிறைவேற்றுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.